ஆட்சேபக் குறிப்பு

மணல்முனையில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் பதினாறு வருடமாயிற்று. கடல் கரையேறி வரவில்லை. நிலத்துக்கு அடியில் நுழைந்து, ஒவ்வொரு கிணறாகப் பிடித்துக்கொண்டே வந்தது. கடைசிக் கிணறும் கைவிட்ட பிறகு கடலோர நீர் வாரியம் அங்கே ஒரு நிலையம் கட்டி, கடல்நீரை உறிஞ்சி, உப்பை நீக்கிப் பன்னிரண்டு ஊர்களுக்குக் குழாயில் அனுப்பியது. அந்தக் குழாயை விட்டால் அந்த ஊர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. நிலையத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தேவை என்று சொல்வதற்காகப் பொற்கொடி சென்னையிலிருந்து வந்தாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. சேலத்துப் பெண். மேலாண்மைப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவள். எட்டு வருடமாக முகடு என்ற ஆலோசனை நிறுவனத்தில் இருந்தாள். அதன் தலைவர் வரதன் வகுத்த கசிவுக் கோட்பாட்டை நாற்பது கல்லூரிகளில் பாடமாக வைத்திருந்தார்கள். கோட்பாடு எளிமையானது. ஒரு நிறுவனத்தில் நடக்கும் எந்தக் காரியம் அதன் உற்பத்தியைத் தொடவில்லையோ அது கசிவு. கசிவையெல்லாம் அடைத்துவிட்டால் நிறுவனம் தானாகச் செழிக்கும். பொற்கொடி அதை மாணவியாக இருந்தபோதே மனப்பாடமாக அறிவாள். மனதார நம்பவும் செய்தாள்.

முதல் நாள் உணவுக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, கையில் கட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு பட்டை கொடுத்தாள். முன்வரிசையில் கஸ்பார் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, கறுத்து அகன்ற மனிதர். கடல்நீரை உறிஞ்சும் பெருங்குழாயின் முனையை அங்கே எல்லோரும் 'வாய்' என்பார்கள். அதைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. தொழிற்சங்கச் செயலாளரும் அவர்தான்.

"இது என்னத்துக்கு மேடம்?" என்று பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு மாசம் வேலை நேரத்துல கட்டிக்கணும் அண்ணாச்சி. நீங்க எங்க நடக்கறீங்க, யார்கிட்ட பேசறீங்க, எதைப் பாத்து என்ன முடிவு எடுக்கறீங்க, எல்லாத்தையும் இது எடுத்துக்கும். அதை வெச்சு கம்ப்யூட்டருக்குள்ள உங்களை மாதிரியே ஒருத்தரை உண்டாக்குவோம். நிழல்னு சொல்லுவோம்."

"என்னைய மாதிரியேன்னா?"

"உங்களை மாதிரியே முடிவெடுப்பார். நூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு நிழல். அப்புறம் அந்த நிழல் நிலையத்துல மாத்தம் செஞ்சு பாப்போம். ஒரு ஷிப்டைக் குறைச்சா என்ன ஆகும், ரெண்டு பிரிவை ஒண்ணாக்கினா என்ன ஆகும்னு. அங்க பத்து வருஷம் பத்து நிமிஷத்துல ஓடிடும். நிஜ ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்தப் பத்து வருசத்துல அவன் செத்துகித்துப் போனா?"

"மறுபடியும் முதல்ல இருந்து ஓட்டுவோம்."

"குடுத்து வச்சவன்" என்றார் கஸ்பார். கூடம் சிரித்தது. பொற்கொடியும் சிரித்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் இசக்கியம்மாள் இருந்தாள். மணிக்கு ஒரு முறை தண்ணீர் எடுத்துச் சோதித்து எழுதுவது அவள் வேலை. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் செய்தாள். கணவன் வளைகுடாவுக்குப் போனவன், ஏழு வருடமாகத் தகவல் இல்லை. பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். பொற்கொடி ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்து இசக்கியம்மாள் சோறு கொண்டுவருவாள்.

"என் நெழலுக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைய இருக்குமா மேடம்?" என்று ஒருநாள் கருவாட்டைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"இல்லக்கா. வேலை நேரத்தை மட்டும்தான் எடுக்கறோம். வீட்டுல நடக்கறது எதுவும் அதுல வராது."

"அப்ப அவ எதுக்கு வேலைக்கு வாரா?"

 நல்ல கேள்வி என்று மட்டும் பொற்கொடி சொல்லிவைத்தாள்.

ஆறு மாதம் கழித்துச் சென்னை அலுவலகத்தில் நிழல் நிலையத்தை ஓட்டினாள். திரையில் ஆட்கள் யாரும் தெரியமாட்டார்கள். புள்ளிகள் நகரும், கோடுகள் ஏறி இறங்கும், அவ்வளவுதான். கோட்பாடு சொன்ன எல்லா வழியிலும் ஆட்களைக் குறைத்தும் பிரிவுகளைச் சேர்த்தும் பன்னிரண்டாயிரம் ஏற்பாடுகளை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் முதல் வருடம் கோடு அழகாக ஏறியது. தண்ணீர் கூடியது, செலவு குறைந்தது. பதினான்காவது மாதத்துக்கும் முப்பதாவது மாதத்துக்கும் இடையில் ஏதோ ஒரு நாளில் அதே கோடு செங்குத்தாக விழுந்தது. பன்னிரண்டாயிரத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

தரவில் பிழை இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்தாள். இரண்டாவது தடவையும் அப்படியே விழுந்தது. கடைசியில், வேறு வழி தோன்றாமல், நிலையத்தை இருக்கிறபடியே விட்டு ஓட்டினாள். கோடு அதிகம் ஏறவில்லை. ஆனால் ஒன்பது வருடம் கடந்தும் அது விழவில்லை.

அதை நுணுகிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில நாட்களில் கஸ்பாரின் நிழல் காரணமே இல்லாமல் வாயை மூடியது. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை, யாரும் உத்தரவிடவில்லை. மூடிய சில மணி நேரத்துக்குப் பிறகுதான் அந்தப் பக்கக் கடல்நீர் கெட்டுப்போனது. ஒவ்வொரு தடவையும் மூடுவதற்குச் சற்று முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. பட்டை அந்த அழைப்புகளைச் 'சொந்தப் பேச்சு, கசிவு' என்று குறித்து வைத்திருந்தது. அதனால் விழுந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் அவை முதலிலேயே நீக்கப்பட்டிருந்தன.

மறுநாளே மணல்முனைக்குப் போனாள்.

"அதா? அது பூங்கோரைக்கு மேடம்" என்றார் கஸ்பார். "கடல்ல சில சமயம் பச்சையா ஒரு பாசி பூக்கும். மைல் கணக்கா வரும். அது வந்தா மீனெல்லாம் செத்து மெதக்கும். அத வாய் உறிஞ்சிட்டுன்னா உள்ள இருக்க வடிகட்டி பூராவும் அடச்சுக்கிடும், போச்சு. எங்க மச்சான் சிலுவை, சித்தப்பா மவன், எல்லாவனும் கடல்லதான கெடக்கானுவ. பச்சையக் கண்டா ஒரு போன் போடுவானுவ. நான் வாய மூடிட்டு, தொட்டித் தண்ணிய வச்சு ஓட்டுவேன். அது தாண்டிப் போன பெறவு தொறப்பேன்."

"கருவி காட்டாதா அண்ணாச்சி?"

"காட்டும். கொழாக்குள்ள வந்த பெறவு காட்டும்."

"இதை எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? இப்படி ஒரு ஏற்பாடு இருக்குன்னு?"

கஸ்பாருக்குக் கேள்வியே புரியவில்லை. "இதுல எழுத என்ன இருக்கு? அவனுவ பொண்டாட்டி புள்ளையளும் இந்தத் தண்ணியத்தான குடிக்கு."

வரதனின் அறைக்குப் போகும்போது பொற்கொடி நீண்ட வாதத்துக்குத் தயாராகப் போனாள். அது தேவைப்படவில்லை. அவர் மூன்று பக்கம் படித்துவிட்டு, "நீங்க சொல்றது சரி" என்றார்.

அறுபது வயது, மெலிந்த உருவம், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது முதல் இடம் இல்லை பொற்கொடி. நாம எடுத்த நாற்பத்தேழு இடத்துல நாற்பத்தொண்ணுல இதே கோடுதான். ஏறும், விழும்."

"அப்ப கோட்பாடு தப்பா சார்?"

"ரெண்டு வருஷத்துக்குச் சரி. வாரியத்துக்கு வேண்டியதும் ரெண்டு வருஷம்தான். அதுக்குள்ள ஆளைக் குறைச்சு, கோடு ஏறிட்டிருக்கறப்பவே தனியார் கையில ஒப்படைச்சிடணும்னு நினைக்கறாங்க. அப்புறம் விழுந்தா அது வாங்கினவங்க பாடு."

"பன்னெண்டு ஊர் சார். வேற தண்ணியே கிடையாது."

"தெரியும். ஆனா, ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொல்றதுக்கு யாரும் நம்மளைக் கூப்பிடறதில்லை. அப்படிச் சொன்னா வேற கம்பெனியைக் கூப்பிடுவாங்க. இந்த முப்பது வருஷத்துல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."

அவள் அந்த மூன்று பக்கத்தையும் எடுத்து அடுக்கினாள். அவரே மறுபடி சொன்னார். "உங்க மனசுக்கு ஒப்பலைன்னா ஆட்சேபக் குறிப்பு எழுதுங்க. நம்ம விதியில அதுக்கு இடம் இருக்கு. வாரியத்துக்கும் சங்கத்துக்கும் நகல் போகும். நான் தடுக்க மாட்டேன்."

அன்றைக்கு அவர்மேல் அவளுக்கு இருந்த மரியாதை இன்னும் கூடியது.

ஜூன் மாதம் வாரியம் திட்டத்தை அறிவித்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் அறுபத்து நான்கு பேராவார்கள். ஷிப்ட் மாறும்போது இரண்டு குழுவும் சேர்ந்து உட்காரும் முக்கால் மணி நேரம் ரத்து. திரையைப் பார்த்து வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கைப்பேசிகளை வாசலில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். தண்ணீர் சோதிக்க ஆள் வேண்டாம், கருவி போதும். சங்கம் கொந்தளித்தது. திங்கட்கிழமை முதல் வேலைநிறுத்தம் என்று கஸ்பார் நோட்டீஸ் கொடுத்தார். பன்னிரண்டு ஊர்க்காரர்களும் பின்னால் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை பொற்கொடியின் குறிப்பு வந்து சேர்ந்தது. பதினோரு பக்கம். எட்டு வருடத்தில் அவள் எழுதியவற்றிலேயே ஒளிவுமறைவில்லாத எழுத்து அதுதான். பன்னிரண்டாயிரம் ஏற்பாடும் எப்படி விழுந்தன என்று எழுதியிருந்தாள். பூங்கோரையைப் பற்றியும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றியும் நான்காம் பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். கைப்பேசிகளைப் பூட்டினால் இரண்டு வருடத்துக்குள் வடிகட்டிகள் அடைபட்டு நிலையம் நின்றுபோகும், அப்போது ஊர்களில் உயிர்கள் போகும் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள்.

சனிக்கிழமை நிலைய வாசலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, கஸ்பார் அதை வாய்விட்டுப் படித்தார். தொழிலாளர்கள் கேட்கக் கேட்க மூன்று தடவை படித்தார். பொற்கொடியையும் வரவழைத்திருந்தார்கள். இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கியளே" என்றாள். 

அன்று மாலையே வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆட்சேபக் குறிப்பை வாரியம் மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கும். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கப்படும். குழு ஆறு மாதத்தில் முடிவு சொல்லும். அதுவரை திட்டம் தற்காலிக ஏற்பாடாக மட்டும் நடக்கும்.

இளைய தொழிலாளர்கள் சிலர் வேலைநிறுத்தத்தை விடக் கூடாது என்றார்கள். கஸ்பார்தான் அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

"ஏலேய், அவிய சொந்தக் கம்பெனிக்கு எதிராவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காவ. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நீதிபதி கண்ணால பாத்தா இத எப்படித் தள்ள முடியும்? ஆறு மாசம்தானல, பொறுப்போம்."

கை தூக்கச் சொன்னார். வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது.

குழு ஒரே ஒரு முறை கூடி, படம் எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் பன்னிரண்டாயிற்று, பிறகு பதினெட்டாக நீட்டினார்கள். பொற்கொடி மாதம் ஒருமுறை கடிதம் எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. இதற்கிடையில் நாற்பத்தெட்டுப் பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் இசக்கியம்மாளும் ஒருத்தி. கோடு ஏறியது, சொன்னபடியே அழகாக ஏறியது. அந்த வருடம் மணல்முனை நிலையத்துக்கு ஒரு விருதுகூடக் கிடைத்தது.

பதினாறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருந்த சிலுவை பச்சையைக் கண்டார். அவ்வளவு அகலமாக அவர் அதுவரை கண்டதில்லை. கஸ்பாருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கைப்பேசி நிலைய வாசலில் இரும்புப் பெட்டிக்குள் பதினேழு தடவை மணியடித்தது. பக்கத்தில் காவலாளிகூட இல்லை. அந்த வேலையும் கசிவு என்று நீக்கப்பட்டிருந்தது. சிலுவை வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினார். அவர் கரைக்கு வந்து, மணலில் ஓடி, வாசல் கம்பியைப் பிடித்து உலுக்கியபோது உள்ளே கருவி ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தது. வாயை மூட இருபது நிமிடம் பிடிக்கும். அதற்குள் பாசி வடிகட்டிகளில் ஏறிவிட்டது. அழுத்தம் தாங்காமல் இணைப்புகள் வரிசையாக வெடித்தன.

நிலையம் பதினோரு நாள் நின்றது.

முதல் மூன்று நாள் தொட்டியில் இருந்ததைப் பங்கு போட்டார்கள். பிறகு வெளியூரிலிருந்து லாரிகள் வந்தன. பன்னிரண்டு ஊருக்கு ஆறு லாரி. வீட்டுக்கு ஒரு குடம், சில நாள் அதுவும் இல்லை. ஜனங்கள் பழைய ஊருணியின் அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரை அள்ளினார்கள். காய்ச்சிக் குடித்தவர்கள் உண்டு, விறகும் எரிவாயுவும் தீர்ந்து காய்ச்சாமல் குடித்தவர்களும் உண்டு. ஆறாம் நாள் வாந்தியும் பேதியும் தொடங்கின. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் தண்ணீர் இல்லை.

செய்தி கேட்டுப் பொற்கொடி எட்டாம் நாள் வந்து சேர்ந்தாள். நேராக இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கஸ்பார் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காலையில போயிட்டா" என்றார்.

லாரியில் கிடைத்த குடம் தண்ணீரை இசக்கியம்மாள் பெண்கள் இருவருக்கும் மட்டும் கொடுத்திருக்கிறாள். தான் ஊருணித் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். பெரியவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். வேலையிலிருந்து அனுப்பியபோது இசக்கியம்மாள் பழைய சோதனைக் குப்பிகள் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நோட்டில் தேதி, நேரம், ஊருணியின் பெயர், கிருமி எவ்வளவு என்று வழக்கமான முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்தில், எந்தத் தண்ணீருக்கும் அவள் எழுதுவதுபோலவே, 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதியிருந்தது. மூன்று நாளும் அப்படியே.

"தெரிஞ்சேதான் குடிச்சா" என்றார் கஸ்பார். "சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடிச்சிருக்கா."

பதினோராம் நாள் குழாயில் தண்ணீர் வந்தபோது இருபத்து மூன்று பேர் போயிருந்தார்கள்.

பொற்கொடி சென்னைக்குப் போனாள். ராஜினாமாக் கடிதத்தை வரதனின் மேஜைமேல் வைத்தாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

"இந்த வாரம் வருவீங்கன்னு தெரியும்" என்றார்.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. உட்காருங்க. நீங்க போகப் போறீங்க, அதனால உங்களுக்குத் தெரியணும்னு நினைக்கறேன். நம்ம ஆபீஸ்லயும் எல்லாரும் பட்டை கட்டியிருக்கோம் இல்லையா? உங்க நிழலும் இருக்கு. மணல்முனைக்கு யாரை அனுப்பறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பழைய இடங்கள்ல எடுத்த தொழிலாளிங்க நிழலை வெச்சு அங்க இருக்கற மாதிரி ஒரு சங்கத்தை உண்டாக்கி, அதுக்கு எதிர்ல நம்ம பதினாலு பேரோட நிழலை ஓட்டினோம்."

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "எதுக்கு?"

"ஆளைக் குறைச்சா அங்க வேலைநிறுத்தம் வரும்னு முதல்லயே தெரியும். கடுமையான ஆளை அனுப்பினா நிறுத்தம் இன்னும் பெருசாச்சு. சமாதானம் பேசற ஆளை அனுப்பினா அவங்க நம்பலை. நீங்க போன ஓட்டத்துல மட்டும் நிறுத்தம் நின்னுபோச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தேழு தடவை."

"நான் அவங்களை நிறுத்தச் சொல்லலையே சார்."

"இல்லை. நீங்க குறிப்பு எழுதினீங்க." வரதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "உண்மையா, முழுசா, பயப்படாம எழுதினீங்க. அதைப் படிச்சதும், நமக்காக ஒருத்தர் சொல்லிட்டாங்க, இனி மேல இருக்கறவங்க பாத்துப்பாங்கன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு. கோபம் அங்கயே தணிஞ்சுபோச்சு. பொய்யா எழுதியிருந்தா இது நடந்திருக்காது. அதனாலதான் உங்ககிட்ட முன்னாடி சொல்லலை."



"மிச்சம் மூணு?" என்றாள்.

"என்ன?"

"நூத்துக்கு மூணு தடவை நிறுத்தம் நிக்கலைன்னு சொல்றீங்களே. அதுல என்ன ஆச்சு?"

வரதன் சொல்லத் தயங்கினார். முதல் தடவையாக அவர் தயங்கி அவள் பார்த்தாள்.

"அதுல நீங்க எழுதலை. ஒண்ணுல உடம்பு சரியில்லாம ஊருக்குப் போயிட்டீங்க. மத்த ரெண்டுலயும் பயந்து பேசாம இருந்துட்டீங்க. அவங்க வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. அஞ்சாம் நாள் வாரியம் திட்டத்தை வாபஸ் வாங்கிடுச்சு."

"நான் சும்மா இருந்திருந்தா..."

"ஆமாம்."

அவர் எழுந்து வந்து அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"நான் இதைப் பத்திரிகையில சொல்லுவேன்."

"சொல்லலாம். அதையும் ஓட்டிப் பாத்தோம். ரெண்டு வாரம் பேசுவாங்க. அப்புறம் ஒரு விசாரணைக் குழு போடுவாங்க. நான் உங்களை மிரட்டலை பொற்கொடி. என் நிழலையும் நான் ஓட்டிப் பாத்திருக்கேன். எந்த ஓட்டத்துலயும் நான் இதே நாற்காலியிலதான் இருக்கேன்."

அவர் குரலில் கேலி இல்லை, வருத்தமும் இல்லை. மாற்ற முடியாத ஒன்றைச் சொல்கிறவரைப் போலச் சொன்னார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அப்படி அடிக்கும் ஒரு ஓட்டமும் அதில் இருக்குமோ என்ற நினைப்பு அடுத்த நொடியே வந்தது. கை எழவில்லை.

மணல்முனையில் ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். பன்னிரண்டு ஊரும் வந்திருந்தது. நிலைய வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் தலைகள். யாரும் அதிகம் பேசவில்லை. அந்த அமைதி நல்ல அமைதியாக இல்லை. பலர் கையில் கம்பு வைத்திருந்தார்கள். சாலையின் மறுபக்கம் நான்கு போலீஸ் வண்டிகள் நின்றன. வாரிய அலுவலகம் அரை மைல் தூரத்தில் இருந்தது.

பொற்கொடி கஸ்பாரைத் தனியாக அழைத்துப்போய், பம்ப் அறையின் பின்பக்கச் சுவரோரம் நின்று, வரதன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். 

"அப்ப நீங்க அத எழுதாம இருந்திருந்தா நாங்க எறங்கியிருப்போம்" என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி."

"வாரியமும் பணிஞ்சிருக்கும்."

"ஆமா."

"இசக்கி வேலையில இருந்திருப்பா."

 கஸ்பார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கை தூக்கச் சொன்னது நாந்தானே" என்றார்.

"நான் மேல ஏறி எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் அண்ணாச்சி. அவங்களுக்குத் தெரியணும்."

"வேண்டாம் தங்கச்சி."

அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப இதச் சொன்னியன்னா நேரா வாரிய ஆபீசுக்குத்தான் போவானுவ. போலீசு துப்பாக்கியோட நிக்கி. இருபத்திமூணு பேரத் தூக்கியாச்சு. இன்னும் தூக்க என் தோள்ல பெலன் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுவும் போக, நமக்காக ஒரு ஆளாவது உண்மைய எழுதுச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கானுவ. அதுவும் பொய்யின்னு ஆயிட்டுன்னா, பெறவு எவன் எதச் சொன்னாலும் கேக்க மாட்டானுவ. வேண்டாம்."

"பொய் இல்ல அண்ணாச்சி. நான் மனசாரத்தான் எழுதினேன்."

"தெரியும்" என்றார். "அதனாலதான சொல்லுதேன்."

மேடையில் பாதிரியார் ஜெபம் சொன்னார், பள்ளிவாசலிலிருந்து வந்தவர் பேசினார், இசக்கியம்மாளின் பெரிய பெண் பேச வந்து பேசாமல் இறங்கினாள். அவள் இறங்கியதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து பின்னாலிருந்து முன்னுக்கு நகர்ந்தது. யாரோ வாரிய ஆபீஸ் என்று கத்தினார். கம்புகள் உயர்ந்தன. சாலைக்கு அப்பால் போலீஸ்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கி வரிசையில் நின்றார்கள்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பொற்கொடியைப் பார்த்துவிட்டாள். "அந்த மேடம் வந்திருக்காவ. அவிய எழுதுனத அவிய வாயால படிக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பேச்சு வாய்க்கு வாய் பரவியது. யாரோ பழைய நகல் ஒன்றை, மடித்து மடித்து ஓரம் பிய்ந்ததை, அவள் கையில் திணித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். கஸ்பார் கீழே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படித்தாள். முதல் பக்கத்திலிருந்து, எதையும் விடாமல் படித்தாள். நான்காம் பக்கத்தில் பூங்கோரை வந்தபோது பெண்கள் அழுதார்கள். கைப்பேசிகளைப் பூட்டினால் என்ன நடக்கும் என்ற வரியில் அவள் குரல் உடைந்தது. ஒருவர் தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு மேலே படித்தாள். ஏழாம் பக்கம் படிக்கும்போது கம்புகள் தரையில் ஊன்றியிருந்தன. பத்தாம் பக்கத்தில் பலர் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இருந்த தன் பெயரையும் தேதியையும் படித்து முடித்தபோது அலைச்சத்தம் கேட்டது.

ஒரு முதியவர் முதலில் எழுந்து, அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வீட்டை நோக்கி நடந்தார். பிறகு ஒவ்வொரு குடும்பமாக எழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு ஊருக்கும் பிரியும் பாதைகளில் கலைந்து போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அரை மணி நேரத்தில் வாசலில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

பொற்கொடி காகிதத்தைப் பிடித்தபடி மேடையிலேயே நின்றாள். சாலையைக் கடந்து இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம் மேடம்" என்றார். "நல்லவேளை, நீங்க வந்தீங்க."